சமூகப்பணி: பரிவும் பயிற்சியும்

நுழையும்முன்

பிறர் துன்பம் கண்டு உதவ விரும்பும் மனம் தமிழ்ச் சமூகத்திற்குப் புதிதன்று. பசித்தோர்க்கு உணவிடுதலையும் வழிச்செல்வோர்க்கு இடமளித்தலையும் அறமெனப் போற்றி வளர்ந்த சமூகம் இது. அந்த மனத்தோடு முறையான கல்வியும் களப்பயிற்சியும் சேரும்போது உதவி ஒரு துறையாக உருப்பெறுகிறது. மேல்நிலைக் கல்விக்குப் பின் மாணவர் தேர்ந்தெடுக்கத்தக்க படிப்புகளுள் ஒன்றான சமூகப்பணியின் இயல்பையும் பயிற்சியையும் பணிவாய்ப்புகளையும் இப்பாடம் விளக்குகிறது.

நல்லெண்ணம் மட்டும் போதுமா?

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். செய்தி பரவிய சில நாள்களிலேயே நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் உதவிப் பொருள்கள் சரக்குந்துகளில் வந்து சேர்ந்தன. அவற்றுள் பெரும்பகுதி பயன்படுத்திய பழைய உடைகள். உழைத்து உண்டு தன்மானத்தோடு வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் பிறர் உடுத்துக் கழித்த துணிகளை ஏற்க விரும்பவில்லை. உடைகள் சாலையோரங்களில் மலைபோல் குவிந்தன. அவற்றை அகற்றுவதே அலுவலர்களுக்குத் தனியொரு வேலையாயிற்று.

அனுப்பியவர்களின் நெஞ்சில் குறையில்லை. ஆனால், ‘அங்குள்ளோர்க்கு என்ன தேவை?’ என்று அவர்கள் கேட்கவில்லை. படகும் வலையும் இழந்தவர்க்குத் தொழில் தேவைப்பட்டது. பெற்றோரை இழந்த குழந்தைகளுக்குப் பாதுகாப்பான இல்லம் தேவைப்பட்டது. கடலைக் கண்டாலே நடுங்கியவர்க்கு அச்சத்தைப் பேசித் தணிக்கும் துணை தேவைப்பட்டது. எங்கு எது தேவை என்பதைத் தொகுத்து, வந்த உதவிகளை வழிப்படுத்தத் தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்று நாகப்பட்டினத்தில் உருவானது. பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸின் வல்லுநர்கள், பாதிக்கப்பட்டோரின் மனத்துயரைக் கேட்டறிந்து ஆற்றும் முறையைக் களப்பணியாளர்களுக்குக் கற்பித்தனர். குவிந்து கிடந்த துணிகளால் ஆகாததைக் கேட்டறிந்து செய்த பணி செய்தது. 

இரக்கம், ‘நான் எதைக் கொடுப்பேன்?’ என்று தொடங்குகிறது. சமூகப்பணியோ, ‘இவர்க்கு எது தேவை? அதை இவரே அடைய எது தடையாக நிற்கிறது?’ என்று தொடங்குகிறது. இவ்விரு கேள்விகளுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கடப்பதற்கே பயிற்சி வேண்டும்.

அறத்திலிருந்து துறைக்கு

மணிமேகலைக் காப்பியத்தில், அமுதசுரபியால் பசிப்பிணி தீர்த்த மணிமேகலை அதனோடு நின்றுவிடவில்லை. அரசனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுகிறாள். பசித்தவர்க்குச் சோறிடுவது ஒரு நிலை; மனிதரை வாட்டும் அமைப்பையே மாற்றுவது அடுத்த நிலை. இக்காலச் சமூகப்பணி வலியுறுத்தும் வேறுபாட்டை அக்காப்பிய நிகழ்வு உணர்த்துகிறது. 1867ஆம் ஆண்டு வடலூரில் வள்ளலார் நிறுவிய சத்திய தருமச்சாலை, சாதி சமய வேறுபாடின்றிப் பசியாற்றும் பணியை ஒரு நிலையான அமைப்பாக்கியது.

சமூகப்பணி தனித்துறையாக வளர்ந்தது, தொழிற்புரட்சியால் நகரங்கள் பெருகிய காலத்தில் ஆகும். 1889ஆம் ஆண்டு ஜேன் ஆடம்ஸ், எல்லன் கேட்ஸ் ஸ்டார் ஆகியோர் அமெரிக்காவின் சிகாகோ நகரில் புலம்பெயர்ந்த தொழிலாளர் வாழ்ந்த பகுதியில் ஹல் ஹவுஸ் என்னும் இல்லத்தைத் தொடங்கினர். ஏழை மக்களிடையே குடியிருந்து, அவர்களோடு வாழ்ந்தே பணிசெய்வது அவ்வில்லத்தின் நெறி. ஜேன் ஆடம்ஸ் 1931ஆம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றார். 1898ஆம் ஆண்டு நியூயார்க்கில் தொண்டுப் பணியாளர்களுக்குக் கோடைக்காலப் பயிற்சி வகுப்பு தொடங்கப்பட்டது. 1917ஆம் ஆண்டு மேரி ரிச்மண்ட் எழுதிய ‘சமூக நோயறிதல்’ என்னும் பொருள்படும் நூல் வெளிவந்தது. மருத்துவர் நோயின் காரணத்தை ஆராய்வதுபோல், உதவி நாடி வருவோரின் சூழலைச் சான்றுகளோடு ஆராய்ந்த பின்னரே உதவியைத் திட்டமிட வேண்டும் என்னும் கருத்து அதன்பின் வலுப்பெற்றது.

இந்தியாவில் 1936ஆம் ஆண்டு பம்பாயில் தொடங்கப்பட்ட சர் தொராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பள்ளியே இத்துறையின் முதல் கல்வி நிறுவனம். அதுவே இன்று டாட்டா சமூக அறிவியல் நிறுவனமாக வளர்ந்துள்ளது. தமிழகத்தில் 1952ஆம் ஆண்டு மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னை சமூகப்பணிக் கல்லூரியை நிறுவினார்.

தெரியுமா?

மேரி கிளப்வாலா ஜாதவ் 1909ஆம் ஆண்டு உதகமண்டலத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சென்னைக்கு வந்த படைவீரர்களுக்கான நலப்பணிகளை ஒருங்கிணைத்தார். தன்னார்வப் பணியில் நெடுங்கால அனுபவம் பெற்ற இவரே, அப்பணிக்கு முறையான கல்வி வேண்டும் என உணர்ந்து கல்லூரியைத் தொடங்கினார். 1975ஆம் ஆண்டு பத்மவிபூஷண் விருது இவருக்கு வழங்கப்பட்டது.

ஒரு வீடு, ஆறு வழிகள்

சமூகப்பணியில் ஆறு முறைகள் உள்ளன. அவை தனிநபர் சமூகப்பணி, குழுப்பணி, சமுதாய ஒழுங்கமைப்பு, சமூகநல நிருவாகம், சமூகப்பணி ஆய்வு, சமூகச் செயல்பாடு என்பனவாகும். இவை ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் விதத்தைக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டின்வழி அறியலாம்.

திருப்பூரில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் இரண்டு வாரங்களாகப் பள்ளிக்கு வரவில்லை எனக் கொள்வோம். படிப்பில் நாட்டமில்லாதவன் என்று அவனைக் கடிந்துகொள்வது எளிது. ஏழைப் பையன் என்று இரங்கிக் குறிப்பேடுகள் வாங்கித் தருவதும் எளிது. சமூகப்பணியாளர் இரண்டையும் செய்யாமல் அவன் வீட்டிற்குச் செல்கிறார். திண்ணையில் அமர்ந்து, அவசரமின்றிப் பேசுகிறார். சாயப்பட்டறையில் வேலைசெய்த தந்தையின் கை இயந்திரத்தில் சிக்கி நசுங்கியிருக்கிறது. தாய் பனியன் நிறுவனத்தில் இரவு வரை கூடுதல் நேரம் வேலைசெய்கிறார். மூன்று வயதுத் தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறெவருமில்லை. பையன் பள்ளியை வெறுக்கவில்லை, வீட்டைத் தாங்குகிறான்.

காரணம் தெரிந்தபின் வழிகள் புலப்படுகின்றன. தங்கையை அங்கன்வாடியில் சேர்க்கலாம். தந்தை ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் பதிவு பெற்றவராயின் மருத்துவமும் ஊதிய இழப்புக்கான பணப்பயனும் அவர்க்கு உண்டு. இல்லையெனில் வேலையளித்தவரிடம் சட்டப்படி இழப்பீடு கோரலாம். தவறிய பாடங்களைப் பையன் ஈடுசெய்யத் தலைமையாசிரியரின் துணையை நாடலாம். இவ்வழிகளை எல்லாம் சமூகப்பணியாளர் எடுத்துரைக்கிறார். எதை ஏற்பது, எதை முதலில் செய்வது என்னும் முடிவை அக்குடும்பமே எடுக்கிறது. இது தனிநபர் சமூகப்பணி.

அதே தெருவில் இதேபோல் பள்ளியை விட்ட சிறுவர் நால்வர் இருக்கின்றனர். அவர்களை மாலையில் ஒன்றுகூட்டி, விளையாட்டோடும் உரையாடலோடும் மீண்டும் பள்ளிக்குச் செல்லும் துணிவை ஒருவர் மற்றவரிடமிருந்து பெறச் செய்வது குழுப்பணி. தங்கள் பணிநேரம் முடியுமுன்பே அங்கன்வாடி மூடப்படுவதைத் தாய்மார்கள் பேசத் தொடங்குகின்றனர். அவர்கள் சங்கமாகக் கூடித் தம் தேவையைத் தாமே வரிசைப்படுத்தச் செய்வது சமுதாய ஒழுங்கமைப்பு. அவ்வட்டாரத்தில் எத்தனை குழந்தைகள் இந்நிலையில் உள்ளனர் என வீடுவீடாகக் கணக்கெடுத்துச் சான்று திரட்டுவது ஆய்வு. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் தொழிலாளர் வேலைசெய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தக் கோரிக் குரல் எழுப்புவது சமூகச் செயல்பாடு. காப்பகம் அமைந்தபின் அதன் பணியாளர், கணக்கு, தரம் ஆகியவற்றைப் பேணுவது நிருவாகம்.

ஒரு பையனின் வெற்று இருக்கையில் தொடங்கிய கேள்வி ஒரு தொழிற்பகுதியின் நடைமுறை வரை சென்று முடிகிறது. தனிமனிதரின் துன்பத்தில் சமூகத்தின் குறையைக் காண்பதும், சமூகத்தைச் சீர்செய்யும்போது தனிமனிதரை மறவாதிருப்பதும் இத்துறையின் இரு கண்கள்.

கல்வியும் களமும்

மேல்நிலைக் கல்வியில் எப்பாடப்பிரிவைப் பயின்றவரும் மூன்றாண்டு இளநிலைச் சமூகப்பணிப் பட்டப்படிப்பில் சேரலாம். இளநிலையில் வேறு பாடம் பயின்றவரும் ஈராண்டு முதுநிலைச் சமூகப்பணிப் பட்டப்படிப்பில் சேர வழியுண்டு. சென்னை சமூகப்பணிக் கல்லூரி, சென்னை இலயோலா கல்லூரி, கோவை பூ.சா.கோ. கலை அறிவியல் கல்லூரி, திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரி, மதுரை சமூக அறிவியல் கல்லூரி முதலிய நிறுவனங்கள் இத்துறையில் கல்வி அளித்து வருகின்றன. சமூகவியல், உளவியல், பொருளியல், சட்டம், ஆய்வு முறைகள், புள்ளியியல் ஆகியவற்றின் அடிப்படைகளை மாணவர் கற்கின்றனர். முதுநிலையில் சமுதாய வளர்ச்சி, மருத்துவ மற்றும் மனநலச் சமூகப்பணி, குடும்ப மற்றும் குழந்தை நலம், மனிதவள மேலாண்மை போன்ற சிறப்புப் பிரிவுகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

ஏனைய படிப்புகளினின்று இப்படிப்பை வேறுபடுத்துவது களப்பணி. வாரத்தில் பொதுவாக இரண்டு நாள்கள் மாணவர் வகுப்பறைக்கு வெளியே பயில்கின்றனர். மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், முதியோர் இல்லம், குடிசைப் பகுதி, ஊராட்சி, தொழிற்சாலை ஆகியன அவர்களின் வகுப்பறைகள். அன்றன்று கண்டதையும் செய்ததையும் அறிக்கையாக எழுதி ஆசிரியரிடம் அளிக்கின்றனர். ஆசிரியர் அதைப் படித்து, ‘அந்த அம்மா பேச்சை நிறுத்தியபோது நீ ஏன் உடனே அடுத்த கேள்வியைக் கேட்டாய்?’ என்பது போன்ற நுட்பமான வினாக்களை எழுப்புகிறார். கேட்கத் தெரிவதும், மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளத் தெரிவதும் இவ்வாறே பழக்கமாகின்றன. கிராமத்தில் சில நாள்கள் தங்கிப் பயிலும் முகாமும், ஒரு நிறுவனத்தில் தொடர்ச்சியாகப் பணியாற்றும் தொடர் பயிற்சியும் பாடத்திட்டத்தில் இடம்பெறுகின்றன.

மனநலத்துறையில் மேலும் ஆழ்ந்த பயிற்சி வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சமூகப்பணியில் முதுநிலைப் பட்டத்தோடு மனநலச் சமூகப்பணியில் ஈராண்டு முழுநேர ஆய்வியல் நிறைஞர் பட்டமும் பெற்றவரை மனநலச் சமூகப்பணியாளர் என வரையறுக்கிறது. இத்தகைய தகுதி ஏன் வேண்டும் என்பதை நாடு ஒரு கொடிய நிகழ்வின்வழி உணர்ந்தது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலம் குன்றியோர் தங்கியிருந்த தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். நோயுற்றவரைப் பிணைத்து வைப்பதே பாதுகாப்பு என்று எண்ணும் அறியாமையின் விலை அது. நோயுற்றவரும் உரிமையுடைய மனிதரே என்னும் தெளிவோடு, அவரைக் குடும்பத்தோடும் ஊரோடும் மீண்டும் சேர்த்துவைப்பது மனநலச் சமூகப்பணியாளரின் கடமை. சென்னை சமூகப்பணிக் கல்லூரியில் பயின்ற வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமாருடன் இணைந்து 1993ஆம் ஆண்டு சென்னையில் ‘தி பேனியன்’ அமைப்பைத் தொடங்கினார். வீடின்றித் தெருவில் அலைந்த மனநலம் குன்றிய பெண்களுக்கு அவ்வமைப்பு புகலிடமாயிற்று.

பணிவாய்ப்புகள்

சமூகப்பணி பயின்றவர்க்குப் பல துறைகளில் இடமுண்டு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ், பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையை 24 மணிநேரத்திற்குள் குழந்தைகள் நலக்குழுவின் முன் நிறுத்த வேண்டும். சட்டத்துடன் முரண்பட்ட சிறார்க்கான இளைஞர் நீதிக் குழுமத்தில் நடுவர் ஒருவருடன் சமூகப்பணியாளர் இருவர் அமர்கின்றனர். அவ்விருவருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் பாதுகாப்பு அலுவலர், ஆற்றுப்படுத்துநர், சமூகப்பணியாளர் ஆகிய பணியிடங்கள் உள்ளன. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்களிலும், நன்னடத்தைத் துறையிலும், மாவட்ட மனநலத் திட்டத்திலும், எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் நம்பிக்கை மையங்களிலும் இத்துறையினர் பணியாற்றுகின்றனர்.

தொழில்துறையும் இவர்களை நாடுகிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள தொழிற்சாலைகளில் நல அலுவலர் இருக்க வேண்டும் என விதித்து, இத்துறையினர்க்குத் தொழில்துறையின் வாயிலைத் திறந்தது. 2013ஆம் ஆண்டின் நிறுமங்கள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருவாயோ இலாபமோ உடைய நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அப்பணிகளைத் திட்டமிடவும் மதிப்பிடவும் களம் அறிந்தவர் தேவைப்படுகின்றனர்.

மாணவரின் களப்பயிற்சியும் ஆசிரியரின் அக்கறையும் நாடளாவிய சேவையாக மலரக்கூடும் என்பதற்கு 1098 என்னும் எண்ணே சான்று. டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஆசிரியராக இருந்த ஜெரூ பில்லிமோரியா, மும்பையின் தெருவோரக் குழந்தைகளோடு பழகினார். இரவு நேரத்தில் ஆபத்து நேர்ந்தால் அக்குழந்தைகள் அழைப்பதற்கு ஓர் எண்கூட இல்லை என்பதை உணர்ந்தார். 1996ஆம் ஆண்டு அந்நிறுவனத்தின் களச்செயல்திட்டமாகச் சைல்டுலைன் தொடங்கியது. பின்னர் அது நாடு முழுவதும் பரவிக் கட்டணமில்லாத உதவி எண்ணாக நிலைபெற்றது. இன்று அரசு அமைப்புகளின்வழி அச்சேவை தொடர்கிறது. துன்புறும் குழந்தையைக் காணும் எவரும் அவ்வெண்ணை அழைக்கலாம்.

பணியாளரின் பண்புகள்

ஊதியம் மட்டுமே குறிக்கோளாயின் இத்துறை ஏமாற்றம் அளிக்கக்கூடும். தொடக்கநிலைப் பணியிடங்கள் பல ஒப்பந்த அடிப்படையிலானவை. ஊதியமும் உழைப்புக்கு ஈடாக அமைவதில்லை. மருத்துவர்க்கும் வழக்கறிஞர்க்கும் இருப்பதுபோல், சமூகப்பணியாளர் அனைவரையும் பதிவுசெய்து நெறிப்படுத்தும் தேசிய அளவிலான தனிச்சட்டம் வேண்டும் என்பது இத்துறையினரின் நெடுநாளைய கோரிக்கை. இவற்றை அறிந்தே மாணவர் இப்படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டறிவு வளர வளர மருத்துவமனைகளிலும் பன்னாட்டு அமைப்புகளிலும் ஆய்வு நிறுவனங்களிலும் உயர்பொறுப்புகள் வாய்க்கின்றன.

பணியில் சேர்பவர் சில நெறிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். உதவி நாடி வருபவர் எவராயினும் அவரை உள்ளவாறே ஏற்றுக்கொள்வது முதல் நெறி. அவர் கூறியவற்றை மறைபொருளாகக் காப்பது இரண்டாவது. ஆயினும் இதற்கு எல்லையுண்டு. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நேர்ந்ததை அறிந்தவர் அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் ஆணை. அங்கு மறைத்தல் காப்பாகாது, குற்றமாகும். தன் வாழ்வுக்கான முடிவைத் தானே எடுக்கும் உரிமை ஒவ்வொருவர்க்கும் உண்டு என மதிப்பது மூன்றாவது. கணவனின் கொடுமைக்கு ஆளான பெண், ‘இப்போது வழக்கு வேண்டா’ என்று சொல்லக்கூடும். அவர் ஆபத்தின் அளவை உணரச் செய்து, பாதுகாப்பான வழிகளை எல்லாம் காட்டி, அவர் மனம் தெளியும்வரை உடன் நிற்பதே பணி. அவருக்காக முடிவெடுப்பது, அவர்மேல் செலுத்தப்படும் மற்றோர் ஆதிக்கமாகிவிடும்.

நாள்தோறும் துயரக் கதைகளைக் கேட்பவரின் மனமும் களைப்படையும். மூத்தோரின் வழிகாட்டலும் சக பணியாளருடனான உரையாடலும் ஓய்வும் அவருக்கு இன்றியமையாதவை. தன்னைப் பேணாதவர் நெடுங்காலம் பிறரைப் பேண இயலாது.

தேவைப்படாத நிலை நோக்கி

கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் கீழத்தஞ்சையில் நிலமற்ற உழவர் குடும்பங்களிடையே பணியாற்றியவர். 1981ஆம் ஆண்டு தம் கணவர் ஜெகந்நாதனுடன் இணைந்து ‘லாஃப்டி’ என்னும் உழுவோர் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார். நில உடைமையாளருடன் பேசி விலை முடித்து, நிலமற்ற பெண்களின் பெயரிலேயே நிலம் பதிவாக வழிவகுத்தார். கூலிக்குக் கையேந்திய பெண், பட்டா வைத்திருக்கும் உழவர் ஆனார். ஒருநாள் உணவு ஒருநாள் பசியைத் தீர்க்கும். கைக்கு வந்த நிலம் தலைமுறையின் பசியைத் தீர்க்கும்.

சமூகப்பணியின் வெற்றியை அளக்கும் கோல் இதுவே. எத்தனை பேர்க்குக் கொடுத்தோம் என்பது அளவன்று. எத்தனை பேர் இனி நம்மை நாட வேண்டிய தேவையின்றி நிமிர்ந்து நிற்கின்றனர் என்பதே அளவு. தான் தேவைப்படாத நிலையை உருவாக்குவதற்காகவே உழைக்கும் தொழில்கள் உலகில் மிகச் சில. சமூகப்பணி அவற்றுள் ஒன்று. பரிவுடைய மாணவர்க்கு அது பணியிடம் தருகிறது. பயிற்சி பெற்ற பரிவால் சமூகத்திற்கு நிமிர்வு தருகிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலுள்ள அங்கன்வாடி, முதியோர் இல்லம், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றுள் ஒன்றிற்குச் சென்று, அங்குப் பணியாற்றுவோரிடம் உரையாடி அறிக்கை உருவாக்குக.

2. ‘இயற்கைப் பேரிடரின்போது உதவி அனுப்புவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள்’ என்னும் தலைப்பில் குழுவாகக் கலந்துரையாடிப் பட்டியலிடுக.

குறுவினா

1. இரக்கமும் சமூகப்பணியும் தொடங்கும் கேள்விகளை வேறுபடுத்துக.

2. 1098 என்னும் உதவி எண் எவ்வாறு தோன்றியது?

சிறுவினா

மறைபொருள் காத்தலுக்கு எல்லையுண்டு என்பதைச் சான்றுடன் விளக்குக.

நெடுவினா

சமூகப்பணியின் ஆறு முறைகள் ஒன்றோடொன்று இணைந்து இயங்குமாற்றை உங்கள் ஊரில் காணும் சிக்கல் ஒன்றைக் கொண்டு விவரிக்க.